வெளியூர்க்காரன் என்ற தகுதி

என்னை அந்நியன் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டு முத்திரை குத்திக் கொடுத்த காகிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. 2006இல் ஆமதாபாத்தில் வாங்கியது. இந்த ஆசாமி வெளி மாநிலத்தைச் சேர்ந்தவன், இன்ன ஹோட்டலில் தங்கியிருக்கிறான், இன்ன தேதிவரை மது வாங்கலாம், வைத்திருக்கலாம், குடிக்கலாம் என்பது அதன் சாராம்சம். பழைய கடிதங்களையும் ரசீதுகளையும் வருஷத்துக்கு ஒருமுறை கிழித்துப் போடுகிற பழக்கம் எனக்கு உண்டு. இதை மட்டும் ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறேன். ஏன் என்று எழுதிப் பார்த்தால் தெரியுமோ என்று தோன்றியது.

அலுவலகத் தணிக்கை வேலையாகப் போயிருந்தேன். ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு நடுத்தர ஹோட்டல். குஜராத்தில் மதுவிலக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பம்பாய் மாகாணத்தின் 1949ஆம் வருஷத்துச் சட்டம். 1960இல் மாகாணம் இரண்டாகப் பிரிந்தபோது மகாராஷ்டிரம் அதைத் தளர்த்திக்கொண்டே போயிற்று, குஜராத் இறுகப் பிடித்துக்கொண்டது. ஆனால் சில ஹோட்டல்களுக்குள்ளேயே மதுக்கடை நடத்த லைசென்ஸ் உண்டு என்பதும், வெளியூரிலிருந்து வந்து தங்குகிறவன் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் காட்டினால் அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்பதும் எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. உடன் வந்த சகா தெரிந்து வைத்திருந்தார். இம்மாதிரி விஷயங்களைத் தெரிந்து வைத்திருக்கிற ஒருவர் எல்லா அலுவலகங்களிலும் இருப்பார்.

கடை ஹோட்டலின் பின்பக்கம், சாமான் அறைக்கு அடுத்தாற்போல் இருந்தது. பெயர்ப்பலகை இல்லை. கம்பிக்குப் பின்னால் கண்ணாடி போட்ட வயதானவர் ஒருவர், தபாலாபீஸ் குமாஸ்தாவின் சலிப்போடு, ஒரு படிவத்தை நீட்டினார். பெயர், வயது, சொந்த ஊர், ரயில் டிக்கெட் நம்பர், அறை எண், புறப்படும் தேதி. இரண்டாவது வரியில் தகப்பனார் பெயர். நான் அதுவரை நிதானமாக எழுதிக்கொண்டுதான் வந்தேன். அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. சகா, "என்ன சார், அப்பா பேர் மறந்துபோச்சா?" என்று சிரித்தார்.

1964ஆம் வருஷம், மாயவரத்தில், குடித்ததற்காக என் அப்பாவைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா ஒரு நெல் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மாதத்தில் இரண்டு மூன்று நாள், காவிரிக்கரையில் சுடுகாட்டுக்கு அப்பால் மூங்கில் புதர் மறைவில், நாலு பேர் கூடுவார்கள். அப்பா, ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார், சலூன் வைத்திருந்த ஒருவர், பல் போய் வாசிப்பதை நிறுத்திவிட்ட நாதஸ்வரக்காரர் ஒருவர். சாராயம் சைக்கிள் ட்யூபில் வரும். நாதஸ்வரக்காரர் வாயாலேயே ஆலாபனை செய்வாராம், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்களாம். பகலில் இந்த நாலு பேரும் ஒரு திண்ணையில் சேர்ந்து உட்கார முடியாது என்பது பெரியவனான பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்து மாயவரத்தில் அதற்கு இடம் கிடையாது. மூங்கில் புதர் ஒன்றுதான் இடம்.

அன்று கான்ஸ்டபிள்கள் வந்தபோது வாத்தியாரும் சலூன்காரரும் ஓடிவிட்டார்கள். அப்பா ஓடவில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், டாக்டர் முன்னால் வாயை ஊதச் சொல்லி, கோடு போட்டு நடக்கச் சொல்லி, வாடை இருக்கிறது என்று எழுதி வாங்கினார்கள். மறுநாள் கோர்ட்டில் அபராதம். அம்மா பித்தளை அண்டாவை அடகு வைத்துக் கட்டினாள். என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள்; வீட்டில் விட்டுவிட்டு வர யாரும் இல்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் பேசவில்லை. வீட்டு வாசல்படி ஏறும்போது ஒன்று மட்டும் கேட்டாள்: "மத்தவங்க ஓடினாங்கள்ல, நீங்க ஏன் ஓடலை?" அப்பா சொன்னார்: "அவரால ஓட முடியாது. தனியா விட்டுட்டு எப்படி ஓடறது?"

அதே 1964இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பிரயாணி ஒருவர், மதுவிலக்கு உள்ள மாகாணத்திலும், பர்மிட்டைக் காட்டி ஹோட்டல் அறையில் உட்கார்ந்து குடித்திருக்க முடியும். சட்டத்துக்கு அதில் கோபம் இல்லை. அப்பா செய்த குற்றம் குடித்தது என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆமதாபாத் கம்பிக்கு முன்னால் நின்றபோதுதான் அது வேறு ஏதோ என்று பட்டது. அவர் தன் ஊரில் இருந்தார். அதுதான் குற்றம்.

இதோடு நிறுத்திக்கொண்டால் எனக்குச் சௌகரியம். மதுவிலக்கைக் கேலி செய்கிற அறிவாளிக் கூட்டத்தில் நானும் ஒருவனாகிவிடலாம். ஆனால் 1971 வந்தது. 1937இல் சேலம் ஜில்லாவில் தொடங்கி 1948இல் மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கை, அந்த வருஷம் ஆகஸ்டு கடைசியில் தமிழ்நாட்டு அரசு தள்ளிவைத்தது. கடைகள் வந்தன. சைக்கிள் ட்யூபுக்கும் மூங்கில் புதருக்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. நாதஸ்வரக்காரர் அதற்கு முன்பே இறந்திருந்தார். வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டார். அப்பா மில்லிலிருந்து வரும் வழியில் தினமும் கடையில் நின்று, தனியாகக் குடித்துவிட்டு, வீட்டுக்கு வருவார். யாரும் பிடிக்கவில்லை. 1973 ஐப்பசியில் மஞ்சள்காமாலை என்று படுத்தார். பதினேழு நாள். அடுத்த வருஷமே கடைகளையெல்லாம் மூடினார்கள். அம்மா பத்திரிகையில் அந்தச் செய்தியை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அதுவரைக்கும் பிடிச்சிட்டிருந்த கையை நடுவுல ரெண்டு வருஷம் விட்டுட்டாங்க" என்றாள். அண்டா அடகு வைத்தவள் சொன்னது இது. அபராதம் விதித்த சர்க்காரை அவள் ஒருநாளும் திட்டியதில்லை. கடை திறந்த சர்க்காரைத்தான் திட்டினாள். ஆகவே மதுவிலக்கு மடத்தனம் என்று யாராவது ஒரு வரியில் முடிக்கும்போது நான் பேசாமல் இருந்துவிடுகிறேன்.

ஆனால் லைசென்ஸ் பெற்ற ஹோட்டல் என்ற ஏற்பாட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் அது மதுவிலக்கும் இல்லை, மதுவிலக்கு நீக்கமும் இல்லை. இந்த இரண்டுக்கும் பின்னால் சரியோ தப்போ ஒரு கொள்கை இருக்கிறது. ஹோட்டல் லைசென்ஸில் இருப்பது, மனிதர்களை இரண்டு வகையாகப் பிரிக்கிற ஓர் உத்தி. குஜராத்தில் உள்ளூர்க்காரன் ஒருவன் சட்டப்படி குடிக்க வேண்டும் என்றால், உடம்பு நிலைக்கு இது அவசியம் என்று மருத்துவச் சான்று வாங்கவேண்டும். ஒன்று அந்நியனாக இருக்கவேண்டும், அல்லது நோயாளியாக இருக்கவேண்டும். ஆரோக்கியமாக, சொந்த ஊரில், தன் சிநேகிதர்களோடு இருக்கிறவனுக்குத்தான் அனுமதி இல்லை.

இது நம் நாட்டுக் கண்டுபிடிப்பு என்று சொல்லிவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், கடை அடைத்திருக்கவேண்டிய நேரத்திலும் உண்மையான பிரயாணிக்கு மது கொடுக்கலாம் என்று சட்டம் இருந்தது. உண்மையான பிரயாணி யார்? முதல் நாள் இரவு படுத்த இடத்திலிருந்து குறைந்தது 3 மைல் வந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து ஊர் விடுதிக்கு 3 மைல் நடந்துபோய் நம்மவர் அங்கே பிரயாணியாவதும், அந்த ஊர்க்காரர் இங்கே வந்து பிரயாணியாவதும் சுலபம். நியூயார்க் மாநிலத்தில் 1896இல் வந்த ரெயின்ஸ் சட்டம் இன்னும் விசேஷமானது. ஞாயிற்றுக்கிழமை மது விற்கக் கூடாது. ஆனால் ஹோட்டல் என்றால், தங்குகிறவர்களுக்குச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம். ஹோட்டல் என்றால் குறைந்தது 10 படுக்கையறை. சாராயக் கடைக்காரர்கள் மாடியில் தட்டி அடித்துப் பத்து அறைகள் செய்துகொண்டார்கள். சாப்பாடு? ஒரு சாண்ட்விச்சை மேஜைமேல் வைப்பார்கள். அதை யாரும் தின்பதில்லை. ஒருவன் எழுந்ததும் அதே சாண்ட்விச் அடுத்த மேஜைக்குப் போகும். மாடியில் கட்டிய அறைகள் சும்மா கிடக்குமா? அவை விபசாரத்துக்குப் பயன்பட்டன. அதை எதிர்ப்பதற்கென்று 1905இல் நகரத்துப் பெரியவர்கள் ஒரு கமிட்டி போடும்படி ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமையைப் பரிசுத்தமாக்க வந்த சட்டம் கட்டிக்கொடுத்த அறைகள் அவை.

சாண்ட்விச்சைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் நான் நிரப்பிய படிவமும் அதுதானே என்று தோன்றியது. மேஜைக்கு மேஜை நகர்ந்தது அங்கே ரொட்டி. இங்கே 'தங்குகிறவன்' என்கிற சொல். யாரும் அதைத் தின்பதில்லை. விருந்தாளியை உபசரிக்கிறோம் என்பது சட்டத்தின் பாவனை. உண்மையில், விருந்தாளி என்று ஒரு ஜாதியை உண்டாக்கி, அந்த ஜாதிக்குள் மட்டும் கண்ணை மூடிக்கொள்வது.

தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. புதிதாக வந்தவன் விருந்து. அவனுக்குச் சோறு மட்டுமல்ல, கள்ளும் வார்த்த வள்ளல்களைப் பாணர்கள் பாடி வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த வள்ளுவர் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரத்தில் வைத்தார். கள்ளுண்ணாமையைத் தொண்ணூற்று மூன்றாவதில் வைத்தார். ஒன்று அறத்துப்பாலில், மற்றது பொருட்பாலில். அவருடைய மனத்தில் இந்த இரண்டும் ஒன்றை ஒன்று தொடவில்லை. தொட்டால் எது வெல்லும் என்று அவர் சொல்லவும் இல்லை. இந்த இரண்டு அதிகாரங்களையும் ஒரே படிவத்தில் சேர்த்துத் தைத்துவிட்டது லைசென்ஸ் இலாகா. ஆனால் விருந்தோம்பலின் உயிர், வந்தவனை வெளியே வைத்துவிட்டுத் தான் மட்டும் உண்ணாமை. லைசென்ஸின் உயிர் இதற்கு நேர் எதிர். பர்மிட் இல்லாதவனுக்கு ஒரு வாய் கொடுத்தாலும் குற்றம். தனியாகத்தான் குடிக்கவேண்டும்.

அன்று இரவு நடந்தது இதுதான். சகாவுக்கு வயிற்றுக் கோளாறு, மாலையே படுத்துவிட்டார். நான் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, புட்டியில் கால் பங்குபோலக் குடித்தேன். எனக்குப் பழக்கம் அதிகம் இல்லை. வாங்கியதே அந்தப் படிவத்துக்காகத்தானோ என்னவோ. இரண்டாம் நாள் தண்ணீர் கொண்டுவந்த ஹோட்டல் பையன் (பையன் என்று சொன்னாலும் இருபது வயது இருக்கும்) புட்டியைப் பார்த்தான். தாஹோத் பக்கத்துப் பழங்குடிக் கிராமம் அவனுடையது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் பேசிக்கொண்டோம். அவன் பாட்டி இலுப்பைப் பூவை ஊறவைத்துக் காய்ச்சுவாளாம். வீட்டுக்கு யாராவது வந்தால் முதலில் தரையில் சில சொட்டு, பிறகு வந்தவருக்கு, பிறகுதான் வீட்டு மனிதர்களுக்கு. அதற்காகப் பாட்டியை ஒருமுறை போலீஸ் அழைத்துக்கொண்டு போயிற்று என்றான். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்கிற மாதிரி சொன்னான்.

புறப்படுகிற அன்று காலை, புட்டியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. படுக்கை விரிப்பை எடுக்க வந்தவன், அதைப் பார்த்தவாறே, "இதை எடுத்துக்கொண்டு போகிறீர்களா?" என்று கேட்டான். கேட்டதில் எந்தக் கெஞ்சலும் இல்லை. அவன் வீட்டு வழக்கப்படி அது கேட்கவேண்டிய அவசியமே இல்லாத விஷயமாக இருந்திருக்கும்.

நான் புட்டியை எடுத்துக்கொண்டு போய், கைகழுவும் தொட்டியில் கொட்டினேன். அது முழுவதும் இறங்கச் சற்று நேரம் ஆயிற்று. குழாயைத் திறந்து விட்டேன், வாடை போக. அவன் விரிப்பைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். நான் திரும்பியதும், காலிப் புட்டியை வாங்கிக்கொண்டு போனான். என்னை அவன் தப்பாக நினைத்ததாகத் தெரியவில்லை. சட்டம் தெரிந்த மனிதர் என்று நினைத்திருப்பான்.

அதற்குப் பிறகு வந்த செய்திகளை அந்தத் தொட்டியை நினைத்துக்கொண்டுதான் படித்திருக்கிறேன். 2009 ஜூலையில் ஆமதாபாத்தில் விஷச் சாராயம் குடித்து 130 பேருக்கு மேல் இறந்தார்கள். 2022 ஜூலையில் போடாட் பக்கத்தில் 40 பேருக்கு மேல். இறந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள், கூலி ஜனங்கள். ஹோட்டலில் அறை எடுத்துப் படிவம் நிரப்பிக் குடிக்கிறவன் இம்மாதிரி சாவதில்லை. 2023 டிசம்பரில், காந்திநகருக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிற நிதி நகரமான கிஃப்ட் சிட்டிக்குள் மட்டும், அங்கே வேலை செய்கிறவர்களும் அனுமதி பெற்று வருகிறவர்களும் ஹோட்டலிலும் ரெஸ்டாரண்டிலும் குடிக்கலாம் என்று அரசு தளர்த்தியது. வெளியூர்க்காரன் என்ற தகுதி கொஞ்சம் அகலமாகியிருக்கிறது, அவ்வளவுதான். தாஹோத் பாட்டி அதற்குள் வரமாட்டாள்.

நம் பக்கத்திலும் ஒரு காட்சி நடந்தது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. வழக்கு தமிழ்நாட்டிலிருந்தும் போனதுதான். சாலையில் சாகிறவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. அதில் பாசாங்கு கிடையாது. 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. நெடுஞ்சாலை ஹோட்டல்களின் பார்களுக்கும் அது பொருந்தும் என்று ஆயிற்று. இருபதாயிரத்துக்குக் குறைந்த ஜனத்தொகை உள்ள இடங்களுக்கு 220 மீட்டர் என்று குறைத்தார்கள். கேரளத்தில் ஒரு பார்க்காரர், கட்டடத்தை நகர்த்த முடியாததால், வாசலுக்கு முன்னால் வளைந்து வளைந்து போகும்படி சுவர் எழுப்பி, நடக்கவேண்டிய தூரத்தை நீட்டிவிட்டார். நியூயார்க்கின் தட்டி அறைக்கு அது கொள்ளுப்பேரன். சட்டம் எதை அளக்கிறதோ அதை மட்டும் செய்து கொடுத்துவிட மனிதனுக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது. அறையை எண்ணினால் அறை. தூரத்தை அளந்தால் தூரம். நான் கொடுத்தது ரயில் டிக்கெட்.

அப்படியானால் எல்லோருக்கும் திறந்துவிடலாமா? தமிழ்நாட்டில் 2003 கடைசியிலிருந்து சில்லறைக் கடைகளை அரசின் டாஸ்மாக்கே நடத்துகிறது. அங்கே ஊர் கேட்பதில்லை, அறை எண் கேட்பதில்லை. சமத்துவந்தான். ஆனால் கம்பிக்குள் கையை விட்டுப் புட்டியை வாங்கி, பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, யார் முகத்தையும் பாராமல் நின்ற நிலையில் விழுங்கிவிட்டு நடக்கிறவனைப் பார்க்கும்போது, 1972இல் அப்பா நின்ற கோலம் இதுதான் என்று தெரிகிறது. நாலு பேர் கூடிய மூங்கில் புதரைச் சட்டம் குற்றம் என்றது. ஆமதாபாத் அறையை உபசாரம் என்றது. கடை வாசலை வருமானம் என்கிறது. குடியைவிட, சேர்ந்து உட்காருவதைத்தான் நாம் சகிக்கவில்லையோ என்று நினைக்கத் தோன்றுகிறது. இந்த நினைப்பிலும் அப்பாவைக் காப்பாற்றுகிற சூழ்ச்சி இருக்கலாம். நாலு பேரோடு குடித்தபோதும் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த சம்பளம் குறைந்துதான் இருந்தது. அந்தக் கணக்கு அம்மாவுக்குத்தான் தெரியும்.

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தில் அப்பா பெயர் எழுதியதை, பையன் கேட்டதை, கொட்டியதை. கொட்டியது தப்பு என்று அவள் சொல்வாள் என்று உள்ளூர எதிர்பார்த்தேனோ, சரி என்று சொல்வாள் என்றோ, இப்போது நினைவில்லை. அப்போது அவளுக்கு எழுபதுக்கு மேல். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "கொடுத்திருந்து அவன் மாட்டிக்கிட்டா, யார் அண்டா அடகு வைப்பா? நீ அதுக்குள்ள ரயிலேறிட்டிருப்பே" என்றாள்.

அம்மா 2011இல் இறந்தாள். சர்க்கார் என்னை எதற்காக நம்பியதோ அதை அவளும் சொல்லியிருந்தாள் என்று பிற்பாடு புரிந்தது. ரயிலேறிவிடுகிறவன். அந்த ஊரில் நடப்பது எதற்கும் பொறுப்பில்லாதவன். காகிதம் பெட்டியில்தான் இருக்கிறது. மடிப்பில் கிழிய ஆரம்பித்திருக்கிறது. இரண்டாவது வரியில், என் பெயருக்குக் கீழே, காவிரிக்கரையில் ஓடாமல் நின்ற மனிதரின் பெயரை நான் என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்.